ஊதச் சொன்னால் போதுமா?

மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதை குறுகலானது. வளைவில் எதிரே ஜீப் வந்துவிட்டால் இரண்டில் ஒரு வண்டி பின்னால் போயாக வேண்டும். பின்சக்கரத்துக்கும் சரிவுக்கும் எத்தனை அடி இருக்கிறது என்பதை ஓட்டுநர்தான் கணிக்க வேண்டும். கஞ்சா கெடுப்பது அந்தக் கணிப்பைத்தான். சாவடியில் வண்டியைச் சோதிக்கலாம். ஓட்டுநர் உடம்பில் இருப்பதை எதைக் கொண்டு சோதிப்பது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு மதுவையும் போதைப்பொருளையும் சேர்த்தே குற்றமாக்குகிறது: முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று வரம்பு உண்டு. போதைப்பொருளுக்கு வரம்பே இல்லை. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தார் என்று நிரூபித்தாக வேண்டும். மது அருந்தாமல் கஞ்சா மட்டும் புகைத்தவரை ஊதச் சொன்னால் ப்ரீத் அனலைசர் எதையும் காட்டாது.

விமானிகளுக்குத் திடீர்ப் போதைச் சோதனை 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேருந்துப் பயணியின் உயிர் விமானப் பயணியின் உயிரைவிட மலிவானதல்ல. ஆகவே சோதனை தேவை என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. எந்தச் சோதனை என்பதில்தான் கவனம் வேண்டும்.

அமெரிக்கா 1991-இல் சட்டமியற்றி, லாரி ஓட்டுநர்களின் சிறுநீரைச் சோதித்துவருகிறது. கஞ்சாவின் எச்சம் சிறுநீரில் பல நாள், தொடர்ந்து புகைப்பவரிடம் வாரக்கணக்கில்கூடத் தங்கும். விடுப்பு நாளில் புகைத்துவிட்டு, நான்கு நாள் கழித்துத் தெளிவாக ஓட்டுகிறவரும் அதில் மாட்டுவார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004-இல் தொடங்கிய எச்சில் சோதனை அண்மையில் உட்கொண்டதையே பெரும்பாலும் காட்டும். சாலைக்குப் பொருந்துவது இதுவே. அதுவும் தடுமாற்றத்தை அளக்காது, பிழையும் வரலாம். எனவே ஆய்வக உறுதியும், இருமல் மருந்து போன்றவை காரணமா என்று மருத்துவர் விசாரிப்பதும் கட்டாயம்.

தொழிற்சங்கங்கள் எழுப்பக்கூடிய கேள்வியும் நியாயமானது. தூக்கத்தை விரட்டப் போதையைத் தேடும் ஓட்டுநரும் உண்டு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே வரையறுத்துவிட்டது. புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஓடும் லோடு லாரிகளில், நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அந்தக் கணக்கு நிற்குமா? ஓட்டுநரை மட்டும் சோதித்து உரிமையாளரை விட்டுவிடுவது அரை நீதி.

ஆகவே என் தீர்ப்பு இது. 185-ஆவது பிரிவில் ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ரத்த வரம்பு எழுதப்பட வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் இப்படி வரம்புகளை வகுத்தன. பணிமனையிலும் சாவடியிலும் எச்சில் சோதனை வேண்டும். முடிவு உறுதியாகும்வரை வண்டி தரக் கூடாது, வேலையைப் பறிக்கவும் கூடாது. முதல் முறை சிக்கினால் சிகிச்சை, மறுமுறை உரிமம் ரத்து. அதே இடத்தில் வேலை நேரப் பதிவேட்டையும் அதிகாரி கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் எதை விட்டாலும் சோதனை பாதிதான்.