செவ்வாய் மண்ணும் நாவலாசிரியர் விடுத்த உப்பும்

புனைகதையில் உலகியல் முழுவதும் இடம்பெறல் வேண்டும் என எவரும் வற்புறுத்தார். தொல்காப்பியர் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே புலனெறி வழக்கை வகுத்தார். எனினும், அறிவியற் செம்மையையே தன் சிறப்பாகக் கொண்டு வரும் ஒரு நாவலை அவ்வளவுகோலாலேயே அளத்தல் முறையாகும்.

அமெரிக்கரான அன்டி வெயர் 2011 இல் வெளியிட்ட, செவ்வாய்வாசி எனப் பொருள்படும் ‘த மார்சியன்’ என்னும் நாவல் அத்தகையது. செவ்வாயில் தனித்து விடப்பட்ட மார்க் வாட்னி என்னும் தாவரவியலாளன், அம்மண்ணோடு மனிதக் கழிவையும் புவியிலிருந்து கொணர்ந்த சிறிதளவு மண்ணையும் கலந்து, ஐதரசீனிலிருந்து நீரும் ஆக்கி, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் காக்கின்றான். ஒவ்வோர் இடரையும் கணக்கிட்டு வெல்லும் அவன் முயற்சியே கதையின் உயிர்நாடி.

ஆனால் அம்மண்ணிலுள்ள ஓர் இடர் கணக்கில் வாராது போயிற்று. 2008 இல் செவ்வாயின் வட சமவெளியில் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம், மண்ணை நீரிற் கலந்து சோதித்து, நிறையில் ஏறத்தாழ 0.5 சதவீதம் பேர்குளோரேற்று உப்புக்கள் இருப்பதைக் கண்டது. புவியில் சிலி நாட்டின் அற்றகாமாப் பாலைவனம் போன்ற மழை அரிதான நிலங்களிலேயே இவ்வுப்பு இயற்கையாகத் திரண்டு காணப்படும். மழையுள்ள நிலத்தில் நீரோடு கரைந்து அகன்றுவிடும். தாவரங்கள் இதனை வேர்வழி உறிஞ்சும்; உண்போரின் தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை ஏற்பதை இது தடுக்கும்.

நாவலின் தொடக்கத்தில் வரும் கடும்புயலும் பொருந்தாததே. செவ்வாயின் வளியமுக்கம் புவியினதில் நூற்றிலொரு பங்கினும் குறைவு. ஆயினும் அப்புயலின்றிக் கதை இல்லை. ஆசிரியரும் அறிந்தே அதனை அமைத்ததாகக் கூறியுள்ளார். அது நாடக வழக்கு. உப்பை விடுத்தமைக்கு அத்தகைய தேவை யாதுமில்லை.

உப்பைக் கழுவி நீக்கலாமே என்பர். உண்மை, அது நீரில் எளிதிற் கரைவது. ஆயின் கழுவுதற்கு நீர் வேண்டும். அந்நீரையோ வாட்னி உயிரைப் பணயம் வைத்து ஆக்குகின்றான். பயிருக்கு முன் மண்ணுக்கே நீர் தேட நேர்ந்திருப்பின், நாவலின் சிறந்த அத்தியாயம் ஒன்று அங்குப் பிறந்திருக்கும். ஆகவே இக்குறை அறிவியற் குறை மட்டுமன்று, கலைக்குறையுமாம்.

இந்நாவலும் 2015 இல் வந்த திரைப்படமும் மாணவரைச் செவ்வாயின்பால் ஈர்த்தமை மெய். அவ்வீர்ப்பைப் போற்றுவோம். ஆனால் நூல் நின்ற இடத்தில் வினாவும் நின்றுவிடலாகாது. மண் என்றதும் நம் வயல் மண்ணையே எண்ணும் பழக்கத்தை விடுத்து, அம்மண்ணில் யாது உளது என வினவும் மாணவனே இந்நாவலை நன்கு கற்றவனாவான்.