இரவல் அட்டியலும் பத்தாண்டுக் கடனும்

மாப்பசானின் ‘வைர அட்டியல்’ என்ற சிறுகதையின் கருத்து யாது என வினவினால், அதனைக் கற்றோரும் கற்பிப்போரும் பெரும்பாலும் ஒரே விடையையே கூறுவர். ஒரு பெண்ணின் ஆடம்பர ஆசை குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது என்பதே அவ்விடை. வகுப்பறையில் இது வசதியான விடை. இரண்டு புள்ளிகளும் கிடைக்கும். ஆனால் கதையை ஊன்றிப் படிப்பவர் இந்த விடையோடு அமைதி கொள்ள முடியாது. ஓமந்தையிலும் அதனைச் சூழ்ந்த குளத்துக் கிராமங்களிலும் வாழ்வோர் இக்கதையை மீண்டும் படிப்பதற்குத் தனிக் காரணங்களும் உள என்று நாம் கருதுகிறோம்.

1884ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி ‘லெ கோலுவா’ என்ற பாரிஸ் நாளிதழில் இக்கதை வெளியாயிற்று. பொதுக் கல்வி அமைச்சில் சிற்றூழியம் பார்க்கும் எழுதுவினைஞன் லுவாசெல். அவன் மனைவி மத்தில்து. அமைச்சரின் விருந்துக்கு அழைப்பு வருகிறது. அவள் புத்தாடைக்கு 400 பிராங்கு செலவிடுகிறாள். வசதி படைத்த பள்ளித் தோழி திருமதி பொரெஸ்தியேயிடம் அட்டியலை இரவல் பெறுகிறாள். விருந்து முடிந்து வீடு திரும்பியபோது அட்டியலைக் காணவில்லை. அதற்கு ஒப்பான வேறொன்றை 36,000 பிராங்குக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கடனைத் தீர்க்கப் பத்தாண்டு பாடுபடுகின்றனர். பின்னர் ஒரு நாள், தொலைந்தது 500 பிராங்குக்கு மேற்பெறாத போலி என்பது தெரிய வருகிறது.

மாப்பசான் இவ்வுலகைத் தூர நின்று கண்டவரல்லர். 1870களில் கடற்படை அமைச்சிலும், பின்னர் பொதுக் கல்வி அமைச்சிலும் எழுதுவினைஞராகக் குந்தியிருந்து சலித்தவர். மேலதிகாரியின் புன்னகைக்கு ஏங்குவதும், கீழே உள்ளவனைக் கண்டால் விறைப்பதும் அவர் நாள்தோறும் கண்ட காட்சிகள். எனவேதான் லுவாசெல் அழைப்பிதழோடு வீட்டுக்கு வரும் இடம் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. எழுதுவினைஞர்களுக்கு அதிகம் கொடுப்பதில்லை, அரும்பாடுபட்டுப் பெற்றேன் என்று அவன் பெருமிதத்தோடு சொல்கிறான். ஆடம்பர ஆசை கதைக்குள் முதலில் வந்து சேர்வது அவன் கையில்தான். புத்தாடைக்கு அவன் எடுத்துக் கொடுத்த 400 பிராங்கு எதற்காகச் சேர்த்த பணம்? ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வானம்பாடி சுடுவதற்குத் துப்பாக்கி வாங்கச் சேர்த்த பணம். வீட்டு அடுப்புக்கு அப்பணமும் உதவப் போவதில்லை. எனினும் ‘ஆணின் ஆடம்பர ஆசை’ என்று எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் நாம் படித்ததில்லை. பெண்ணைப் பற்றிய இக்கசப்பில் மாப்பசானுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதையின் தொடக்கத்தில் அவர் குரலில் ஒரு ஏளனம் இழையோடுகிறது. கலைஞன் என்ற வகையில் அவர் கண்டவை, அந்த ஏளனத்தை மீறி நிற்கின்றன.

அவர் கண்ட ஒன்றை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம். அட்டியலின் பெட்டியிற் பொறித்திருந்த பெயரைக் கொண்டு, கணவனும் மனைவியும் ஒரு நகை வணிகனிடம் செல்கின்றனர். அவன் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்து, அட்டியலைத் தான் விற்கவில்லை, பெட்டியை மாத்திரமே கொடுத்திருக்க வேண்டும் என்கிறான். உண்மை முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருந்தது. அவர்களுக்கு அது விளங்கவில்லை. முதல் வாசிப்பில் நமக்கும் விளங்குவதில்லை. பணக்காரியின் வீட்டிலிருந்து வந்த பொருள் போலியாக இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. அது பொரெஸ்தியேயின் கழுத்திற் கிடந்தால் வைரம். மத்தில்தின் கழுத்திற் கிடந்தால் இரவல். நகைக்கு மதிப்பைக் கொடுப்பது கழுத்தின் வர்க்கமே. இதற்கு ஓராண்டு முன்னர், 1883இல், மாப்பசான் எழுதிய ‘நகைகள்’ என்ற கதையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே ஒரு எழுதுவினைஞனின் மனைவி போலி என்று சொல்லி அணிந்த நகைகள், அவள் இறந்த பின்னர் அசலாகிவிடுகின்றன.

அவர்கள் ஏன் தோழியிடம் உண்மையைக் கூறவில்லை? கூறியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கொக்கி உடைந்தது, திருத்தக் கொடுத்துள்ளோம் என்று பொய்க் கடிதம் எழுதச் சொன்னவன் கணவன், எழுதியவள் மனைவி. கடனாளியாகச் சாகலாம், திருடி என்று பெயர் எடுக்கக் கூடாது என்ற அச்சம் அக்கடிதத்தின் பின்னால் நிற்கிறது. மேல் வர்க்கத்தின் வாசலில் நின்று மனிதனாகப் பேச நாவெழாத மத்தியதர வர்க்கத்தின் கூனலை இங்கே காண்கிறோம். குடும்பத்தை அழித்தது விருந்து நடந்த ஓரிரவின் ஆடம்பரமா, மறுநாள் எழுதிய கடிதமா என்று மாணவர்களை விவாதிக்கவிட்டால் நன்று.

இனி, கதையில் எவரும் பொருட்படுத்தாத ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுவாசெல் வீட்டில் பிரெத்தான் நாட்டுச் சிறுமி ஒருத்தி வேலை செய்தாள். கடன் வந்ததும் முதலில் வெளியேற்றப்பட்டவள் அவளே. அதன் பின்னர் மத்தில்து சட்டிபானை தேய்க்கிறாள், துணி துவைக்கிறாள், மாடிக்கு மாடி மூச்சு வாங்க நின்று தண்ணீர் சுமக்கிறாள். வாசகர் உருகுகின்றனர். அதே வேலையைச் சிறுமி செய்தபோது உருகியவர் யார்? அவள் எங்கே போனாள் என்று மாப்பசான் சொல்லவில்லை. வன்னியில் இக்கேள்வி வேறொரு குரலில் ஒலிக்கும். 1970களின் பஞ்சத்தாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிக் காடுகளைத் திருத்திய மக்கள், எத்தனையோ வீடுகளின் அடுக்களைகளிலும் வயல்களிலும் கூலிகளாகவே அறியப்பட்டனர். எமது கதைகளிலும் அவர்கள் முதற்பக்கத்தில் தோன்றி மறைந்த காலம் நீண்டது.

தங்கத்தைப் பற்றியும் இம்மண்ணுக்கு அறிவுரை கூறத் துணிய வேண்டாம். வன்னியின் கமக்காரக் குடும்பத்தில் காப்பும் சங்கிலியும் விதைநெல்லுக்கும் உரத்துக்குமாக அடைவுக்குப் போவன. நல்ல போகம் வந்தால் மீளுவன. 2009இன் முதல் மாதங்களில் போர்ப் பிரதேசத்திலிருந்து தப்பி வந்தோர் ஓமந்தையிற் சோதிக்கப்பட்டு முகாம்களுக்கு ஏற்றப்பட்டபோது, பலருக்கு உடலோடு ஒட்டிய சிறு நகையே எஞ்சிய சொத்தாக இருந்தது. தமிழீழ வைப்பகத்தில் அடைவு வைத்தவர்களுக்கு அதுவும் இல்லை. அந்நகைகளில் ஒரு பகுதி 2014இல் கிளிநொச்சியில் உரியோரிடம் கையளிக்கப்பட்டது. போர்க்காலத்தில் மீட்ட தங்கத்தை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில்தான். பதினாறு ஆண்டுகள்! மத்தில்தின் கடனுக்குப் பத்தாண்டு போதியதாயிற்று.

போருக்குப் பின் நுண்கடன் வந்தது. ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்று பெறும் கடன், கிழமைதோறும் தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவள் படலையில் நிற்க வேண்டும். மத்தில்துக்கு இருந்த தனிமை எமது பெண்களுக்கு இல்லை என்று எவரும் மகிழ முடியாது, அயலவளே காவற்காரியானாள். 2018இல் அரசாங்கம் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பு விதித்து, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. முப்பத்தைந்து சதவீதம் சலுகையாகத் தோன்றுமெனில் அதற்கு முன்னைய நிலையை ஊகித்துக் கொள்ளலாம். அக்காலத்திலும் படித்தவர் வாயிற் கேட்ட விளக்கம், ‘இவளவை ஆடம்பரத்துக்குக் கடன் எடுத்து அழியிறாளவை’ என்பதே. வகுப்பறையில் மத்தில்துக்கு எழுதிய தீர்ப்பு, வெளியே வந்து யார் மேல் விழுகிறதென்று ஆசிரியர்கள் நோக்க வேண்டும்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் இதனோடு சேர்த்துப் படிப்பிக்கலாம். அங்கும் வீட்டுப் பெருமை பேசும் குழந்தைகள் உளர். பணக்காரச் சிறுவனின் வீட்டுக்கு வந்தவன் ஜமீன் மாப்பிள்ளை, ஏழை மங்கம்மாளின் வீட்டுக்கு வந்தவன் அநாதைச் சிறுவன். ஏழைத் தாய் அவனையும் எண்ணெய் தேய்த்து நீராட்டி, வீட்டிலிருந்த துண்டை உடுத்தக் கொடுக்கிறாள். பாரிசின் மத்தில்துக்கு அப்படி ஒரு வீடு அருகில் இருக்கவில்லை.

கதை முடிந்ததும் மாணவர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: பொரெஸ்தியே அந்த அட்டியலைத் திருப்பிக் கொடுத்தாளா? கதைக்கு வெளியே உள்ள கேள்வி என்று ஆசிரியர் இதனைத் தள்ளிவிடுவது வழக்கம். தள்ள வேண்டாம். 36,000இல் 500 போக 35,500 பிராங்கு அவள் பெட்டியில் இருக்கிறது. பெட்டியை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. வட்டியாகப் போனது தனி. பத்தாண்டு உழைப்பு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, இருவருக்குமே தெரியாமல் இடம் மாறியிருக்கிறது. அது யாரைச் சேர வேண்டும் என்று கேட்கும் மாணவி, கரும்பலகையில் எழுதிப் போட்ட கருத்தைக் காட்டிலும் கதைக்கு அண்மையில் நிற்கிறாள்.