தாராசுரத்தில் குனிந்து பார்த்தவை

தஞ்சைப் பெரிய கோயிலில் தலை தானாக அண்ணாந்துவிடும். தாராசுரத்தில் குனிய வேண்டும். கும்பகோணத்தை ஒட்டி, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் அது. விமானம் 80 அடி அளவுதான். தஞ்சை விமானமோ 200 அடியைத் தாண்டும். சோழர் கை தளர்ந்த காலத்துக் கோயில் என்று சிலர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உயரத்தைப் பார்த்து முடித்த கைகள் நுணுக்கத்துக்கு இறங்கிய இடம் இது.

இராசகம்பீரன் திருமண்டபம் தேராகவே நிற்கிறது. பக்கவாட்டில் சக்கரம், இழுத்துப் பாயும் குதிரை. வருகிறவர்கள் அங்கே படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் தூண்களிடம் போய்விடுவேன். தூணின் சதுரத்தில் கொடி சுருண்டு வட்டமாகிறது. வட்டத்துக்குள் ஒருத்தி ஆடுகிறாள், அடுத்ததில் ஒருவர் மத்தளம் கொட்டுகிறார். உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவுதான் அளவு. அதற்குள் இடுப்பின் வளைவும் தூக்கிய பாதமும் தெளிவாக இருக்கின்றன. கல்லோ கருங்கல். உளி ஒரு நூல் பிசகினால் முகமே போய்விடும்.

இன்னோரிடத்தில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. யானை உடலைக் கையால் மறைத்தால் காளை. காளை உடலை மறைத்தால் யானை. எத்தனை முறை பார்த்திருந்தாலும் கை தானாக மறைக்கப் போகிறது.

ஆனாலும் என்னை அதிக நேரம் பிடித்து வைப்பது கருவறையைச் சுற்றி அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் நாயன்மார் வரிசைதான். அந்த நாயன்மார் கதைகளைச் சேக்கிழார் பெரியபுராணமாகப் பாடியது இந்த இராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். ஏடு எழுதிய மை காய்ந்து அதிக நாளாகவில்லை, மகன் அதைக் கல்லில் ஏற்றிவிட்டான். சிற்பங்களுக்கு மேலே கதையைச் சொல்லும் சிறு கல்வெட்டுகளும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தபடி கோயிலைச் சுற்றி வரலாம்.

அவிநாசியில் சுந்தரர் பாட, முதலை தான் என்றோ விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தந்த கதை அதில் ஒன்று. பாட்டைக் கல்லில் எப்படிக் காட்டுவது? சிற்பி அந்தத் தொல்லைக்கே போகவில்லை. முதலை வாய் திறந்திருக்கிறது. அதிலிருந்து பிள்ளை வெளியே வந்துகொண்டிருக்கிறான், இன்னும் முழுதாக வந்து முடியவில்லை.