மறைவாய்ச் சொன்னதும் நாம் மறைத்ததும்

கி. ராஜநாராயணனும் கழனியூரனும் சேர்ந்து தொகுத்த 'மறைவாய்ச் சொன்ன கதைகள்' நூலை அண்மையில் மீண்டும் வாசித்தேன். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வாய்வழி உலவிய பாலியல் கதைகள் இவை. 2017இல் மறைந்த கழனியூரனின் இயற்பெயர் எம்.எஸ். அப்துல் காதர் என்பதை எம்மவர் பலர் அறியார். சாகித்திய அக்காதமி விருது பெற்ற கி.ரா. 2021இல் காலமானார்.

இந்நூலை ஆபாசம் என்று ஒதுக்குவோர் உளர். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சிரிப்பு யார் மீது விழுகிறது? அவுஸ்திரேலிய நகைச்சுவை கொச்சைக்குப் பேர்போனது. பெரி ஹம்ஃப்ரிஸ் (1934-2023) 1964இல் எழுதத் தொடங்கிய பெரி மெக்கென்ஸி சித்திரக்கதை நூலாக வந்தபோது அந்நாட்டில் தடை செய்யப்பட்டது. 1972இல் அதே கதை அரச நிதியிலேயே திரைப்படமாயிற்று. அவர் படைத்த இன்னொரு பாத்திரமான லெஸ் பற்றர்சன், வாய்கூசாமல் பேசும் குடிகார அரச கலாசார அதிகாரி. அங்கே சிரிப்பு விழுவது பதவியின் மீதும் சொந்தச் சனத்தின் பகட்டின் மீதும்தான். எமது கிராமத்துக் கேலியும் அவ்வாறே. வீம்பு பேசும் கணவனையும் அதிகாரம் பண்ணும் போடியாரையும் அது கீழே இறக்கிவிடும். எளியவரைச் சீண்டும் கதையோ வெறும் வக்கிரம். தொகுப்பாளர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். ஆனால் அழிக்க உரிமையுடையவர் அல்லர்.

இதைச் சொல்லும் தகுதி எனக்குண்டா என்பது வேறு விடயம். 2003இல் ஆசிரிய கலாசாலை ஒப்படைக்காக எங்களூர் மூத்தம்மா ஒருவரிடம் நாட்டார் கவிகள் சேகரித்தேன். அருவி வெட்டுக் காலத்தில் பெண்கள் தமக்குள் பாடிச் சிரித்தவை என்று சில கவிகளைச் சொன்னார். "இதையும் எழுதன் மகன், என்ன வெக்கம்?" என்றார். நான் பேனையை மூடிவிட்டேன். விரிவுரையாளர் என்ன நினைப்பாரோ என்ற பயம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அவரும் போனார், அக்கவிகளும் போயின. காதலும் தாலாட்டும் அடங்கிய என் கொப்பி மட்டும் பத்திரமாக இருக்கிறது; புள்ளிகளும் நன்றாகவே கிடைத்தன.

கி.ரா.வும் கழனியூரனும் கூச்சப்படாமல் செய்ததை நாம் செய்யத் தவறினோம். எஞ்சியிருக்கும் மூத்தம்மாக்களிடம் இன்றாவது போவோம். அச்சிடுவதா இல்லையா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் எழுதி வைப்போம்.