மின்சாரம் நரம்பு வலியைத் தணிக்கிறதா?

வலிக்கு மின்சாரம் என்றதும் புத்தம்புதிய கண்டுபிடிப்பு எனத் தோன்றலாம். உண்மையில் இது மிகப் பழைய எண்ணம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கும்படி எழுதினார். மீனின் இடத்தில் இன்று கைக்கு அடக்கமான பெட்டி ஒன்றும், தோலில் ஒட்டும் பட்டைகளும் உள்ளன. இக்கருவிக்கு ‘டென்ஸ்’ என்று பெயர். மின்வாய்களை முதுகெலும்புக்குள், தண்டுவடத்தின் அருகிலேயே பொருத்திவிடும் முறையும் உண்டு.

இவற்றுக்கு அடிப்படை, 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘வாயில்’ கொள்கை. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்தால் நோவு குறைகிறதல்லவா? தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் தடுக்கின்றன என்றார்கள் இவர்கள். தடித்த இழைகள் சிறிய மின்னோட்டத்துக்கே விழித்துக்கொள்ளும் என்பதால், மின்சாரத்தால் வாயிலைச் சாத்திவிடலாம்! 1967இல் வாலும் ஸ்வீட்டும் எட்டு நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். இரண்டு நிமிடத் தூண்டலுக்குப் பின், நரம்பு நோயுள்ள நால்வருக்கு அரை மணிக்கு மேல் வலி நீங்கியிருந்தது.

அரை மணி நிவாரணத்திலிருந்து ஆண்டுக்கணக்கான எரிச்சலுக்குச் சிகிச்சை என்று தாவுவது எப்படி? நாட்பட்ட வலி ஏறும், இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரைத் தேடுகிறோம். ஆகவே எதைச் செய்தாலும் பிறகு சற்றுக் குறையும். நம்பிக்கையும் வலியைத் தணிக்கும். இவற்றைக் கழித்துப் பார்க்க, மின்சாரம் பாயாத போலிக் கருவி வேண்டும். 1990இல் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 145 பேரிடம் இப்படிச் சோதித்தபோது, டென்ஸ் போலியை விஞ்சவில்லை. நரம்பு வலியைப் பற்றி 2017இல் காக்ரேன் அமைப்பு 15 ஆய்வுகளைத் தொகுத்தது. வலி ஓரளவு குறைந்ததாகவே கணக்கு காட்டியது. ஆனால் சான்றுகளின் தரம் மிகத் தாழ்வு என்பதால், பயன் உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாது என்றது.

டென்ஸ் வேலை செய்தால் தோலில் குறுகுறுப்பு தெரியும். தெரியாவிட்டால் தன்னுடையது போலி என்று நோயாளி ஊகித்துவிடலாம். மறைக்க முடியாததை எப்படி மறைத்துச் சோதிப்பது? இச்சிக்கலைத் தாண்டியது 2022இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வு. தண்டுவடக் கருவியை உணர்வே தெரியாத அளவில் இயக்கினர். 50 பேரில் ஒவ்வொருவருக்கும் சில மாதங்கள் இயக்கியும் சில மாதங்கள் அணைத்தும் வைத்தனர். அவர்களோ, முதுகு அறுவைக்குப் பின்னும் காலுக்குப் பரவும் வலி நீங்காதவர்கள். அன்றாட இயலாமையைக் குறிக்கும் எண் இயக்கியபோது 10.6 குறைந்தது, அணைத்திருந்தபோதும் 9.3 குறைந்தது! நோயாளிக்குத் தேறியது உண்மை. தேற்றியது மின்சாரமா என்பதுதான் கேள்வி.

அங்கே சோதிக்கப்பட்டது ஒருவகைத் துடிப்பு மட்டுமே. எல்லாத் தண்டுவடக் கருவிகளுக்கும் அதைத் தீர்ப்பாக்கக் கூடாது. ஆயினும் அறுவை, கிருமித் தொற்று, கம்பி இடம்பெயர்தல் என்ற ஆபத்துகளை நோயாளி ஏற்பதற்கு முன், இத்தகைய சோதனையைக் கேட்பது நியாயமே. டென்ஸ் அவ்வளவு ஆபத்தற்றது. பயனில்லையென்றால் பட்டையைக் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடக் கூடாது.