வீட்டு ஸ்லீப் ஸ்டடி: ‘இருக்கிறது’ என்றால் நம்பலாம், ‘இல்லை’ என்றால்?

கடப்பாக்கத்தில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சடைக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், முழு ஸ்லீப் ஸ்டடிக்கு வடக்கே சென்னைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போக வேண்டும். இல்லையென்றால் தெற்கே புதுச்சேரிக்கு அதில் பாதி தூரம். போன இடத்தில் தலை, கண்ணோரம், தாடை, கால் என்று எல்லா இடத்திலும் ஒயர் ஒட்டி, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, பழக்கமில்லாத கட்டிலில் ஓர் இரவு படுக்க வேண்டும். ஆலம்பரைக் கோட்டையை ஒட்டிய குப்பங்களிலிருந்து விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கும், ஈ.சி.ஆரில் இரவு லோடு ஓட்டுகிறவருக்கும் அது ஒரு நாள் வருமானம். எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, வேலை செய்யும் வயதிலுள்ள இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சடைக்கும் இந்த நோய் இருக்கும் என்றும், அவர்களில் 4.7 கோடிப் பேருக்கு அது மிதமானதோ கடுமையானதோ என்றும் கணக்கிட்டது. இத்தனை பேரையும் ஆய்வுக்கூடத்தில் படுக்கவைக்க எந்த ஊரிலும் கட்டில் இல்லை. ஆகவே வீட்டுச் சோதனை வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்தக் கருவி சொல்லும் பதிலில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதுதான் பார்க்க வேண்டியது.

சந்தையில் இரண்டு வகை இருக்கின்றன. ரெஸ்மெட் நிறுவனத்தின் ‘அப்னியாலிங்க் ஏர்’ முதல் வகை. நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து போகும் மெல்லிய குழாயின் இரு நுனிகள் மூக்குத் துளைகளுக்குள் உட்காரும். விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப். மூக்கில் காற்று வருகிறதா, நெஞ்சு எழுந்து தாழ்கிறதா, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். நெஞ்சு முயன்றும் காற்று வராவிட்டால் தொண்டையில் அடைப்பு. நெஞ்சே முயலாவிட்டால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை. இந்த வேறுபாட்டை நேரடியாகப் பதிவதுதான் இதன் பலம். பலவீனம் அந்தக் குழாய்: புரண்டு படுத்தால் நழுவும், சளி பிடித்திருந்தால் பயனில்லை. ‘வாட்ச்பேட்’ இரண்டாம் வகை. மணிக்கட்டில் ஒரு பட்டை, விரலில் ஓர் உறை, நெஞ்சில் ஒட்டும் ஒரு சிறு வில்லை, மூக்கில் எதுவுமில்லை. மூச்சடைத்து உடல் திடுக்கிடும்போது விரல் நுனி ரத்தநாளங்கள் சுருங்கும். கூடவே இதயத் துடிப்பு ஏறும், ஆக்ஸிஜன் இறங்கும். இவற்றைச் சேர்த்து வைத்துத்தான் இது மூச்சுத் தடையை ஊகிக்கிறது. மாட்டிக்கொள்வதில் இதுவே எளிது. ஆனால் புராஸ்டேட் வீக்கத்துக்கும் சிலருக்கு ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை அந்தச் சுருக்கத்தையே தடுத்துவிடும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இதைக் கட்டிக்கொண்டு படுப்பது வீண்.

இனி முக்கியமான குறை. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபட்டது என்ற எண்ணை வைத்துத்தான் நோயை அளக்கிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. ஒருவர் கருவியைக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் படுத்தார், அதில் நான்கு மணி நேரமே தூங்கினார், 72 தடவை மூச்சு தடைபட்டது என்று வைத்துக்கொள்வோம். தூங்கிய நேரத்தால் வகுத்தால் 18; மிதமான நோய், சிகிச்சை வேண்டும். பதிவான நேரத்தால் வகுத்தால் 12, லேசானது, பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சுப் பட்டைக் கருவிக்கு மூளையின் அலைகள் தெரியாது, ஆகவே நீங்கள் தூங்கினீர்களா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்றும் தெரியாது. பதிவான நேரத்தால்தான் வகுக்கும். வாட்ச்பேட் கை அசைவை வைத்துத் தூக்கத்தை ஊகிப்பதால் இதில் கொஞ்சம் தேவலை. இன்னொன்றும் உண்டு: ஆக்ஸிஜன் இறங்காமல் தூக்கத்தை மட்டும் கலைக்கிற அரைகுறைத் தடைகள் நெஞ்சுப் பட்டைக் கணக்கில் சேர்வதே இல்லை. ஆக, இந்தக் கருவி தவறினால் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் தவறும்: இருக்கிற நோயைக் குறைத்துச் சொல்லும். குறைத்துச் சொல்கிற கருவியே ‘மணிக்கு 30’ என்று காட்டினால் அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை. அதுவே ‘4’ என்று காட்டினால், பகலில் கண் சொருகிக்கொண்டிருக்கிறவருக்கு அந்தத் தாளால் ஒரு நிம்மதியும் வரக் கூடாது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: அறிகுறிகள் வலுவாக உள்ள, வேறு சிக்கல் இல்லாதவருக்கு வீட்டுச் சோதனை போதும், அதில் நோய் தெரியாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இதயமோ நுரையீரலோ கெட்டிருப்பவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோர் முதலிலேயே ஆய்வுக்கூடம் போவதுதான் சரி.

நம் ஊர்த் தோல் நிறத்துக்கு விரல் கிளிப் சரியாக வேலை செய்யுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கறுத்த தோலில் இந்தக் கிளிப்புகள் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டுகின்றன என்று 2020இல் அமெரிக்க நோயாளிகளிடம் கண்டார்கள். தூக்கச் சோதனையில் அளவைவிட அது மூன்று, நான்கு சதவீதம் சரிவதுதான் கணக்கு என்பதால் பாதிப்பு குறைவு. ஆனால் இந்தப் பிழையும் நோயைக் குறைத்துக் காட்டும் பக்கமே சாய்கிறது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் இருக்கிறதே, அது போதாதா? போதாது. இரவு முழுக்கப் பதிந்து வைக்கும் நினைவகம் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது.

ஸ்மார்ட் வாட்ச் விஷயத்தில் விளம்பரம் கொஞ்சம் முந்திக்கொண்டது. சாம்சங் கேலக்ஸி வாட்சுக்கு 2024 பிப்ரவரியிலும் ஆப்பிள் வாட்சுக்கு அதே ஆண்டு செப்டம்பரிலும், இந்த நோயின் அறிகுறி காட்டும் வசதிக்காக அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. சாம்சங் இரண்டு இரவுகளின் ஆக்ஸிஜன் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. ஆப்பிள் மணிக்கட்டின் நுண் அசைவை முப்பது நாள் சேர்த்துப் பார்க்கிறது. ஆப்பிள் தானே வெளியிட்ட கணக்குப்படி, நோய் இல்லாத நூறு பேரில் 98 பேருக்கு மேல் அது தேவையற்ற எச்சரிக்கை தருவதில்லை. மிதமான அல்லது கடுமையான நோய் உள்ளவர்களிலோ மூன்றில் இரண்டு பேரை மட்டுமே பிடிக்கிறது. எச்சரிக்கை வந்தால் மருத்துவரிடம் ஓடுங்கள். வராவிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. மெடிக்கல் கருவிக்கு உள்ள அதே ஒருபக்கச் சாய்வு, இங்கே இன்னும் பெரிதாக.

சிகிச்சையே முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் சி-பேப் இயந்திரம்தான் என்றால், ஏழைக்குச் சோதனை எதற்கு என்று ஒரு வாதம் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லாமல் கருவியைப் பாராட்ட முடியாது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் காட்டிய இந்த முறை, மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிறது. பயன்படுத்திய இரவில் வேலை செய்கிறது, கழற்றிய இரவில் இல்லை. 2016இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில் 2,717 பேரிடம் இது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை என்பது உண்மை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள் என்பதும் உண்மை. பகல் தூக்கமும் மனச்சோர்வும் அந்த ஆய்விலேயே குறைந்தன. ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அதுவே பெரிது. கடலோரத்தில் கரண்ட் ஒரு பிரச்சினை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற நாள்களில் மாஸ்க் இருந்தும் பயனில்லை. ஹ்யூமிடிஃபையரை நிறுத்தினால் இயந்திரம் இழுக்கும் மின்சாரம் ஒரு சீலிங் ஃபேனைவிடக் குறைவு என்பதால், இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் சாதாரண மின்வெட்டைச் சமாளிக்கலாம். வாடகைக்குத் தருகிறார்கள், ஒரு மாதம் மாட்டிப் பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம்.

ஊசி வந்துவிட்டதே என்பவர்களுக்கு: டிர்செபடைடு மருந்தை 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ. இந்த நோய்க்கே அங்கீகரித்தது. ஓராண்டு ஆய்வில் மணிக்கு 25 முதல் 29 தடைகள்வரை குறைந்தன, போலி ஊசியில் ஐந்து சொச்சம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் அனைவரும் உடல் பருமன் உள்ளவர்கள். நோய் ஏறக்குறைய விட்டது என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான். நம்மிடையே பருமன் இல்லாமலே, தாடை சிறுத்திருப்பதால் மூச்சடைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இந்தியாவில் 2025 மார்ச்சில் ‘மவுன்ஜாரோ’ வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய்; வாரம் ஒன்று. சில மாதங்களிலேயே இயந்திரத்தின் விலையைத் தாண்டிவிடும். நாக்கு நரம்பைத் தூண்டும் ‘இன்ஸ்பயர்’ கருவியை அறுவை செய்து பொருத்துவது 2014 முதல் அமெரிக்காவில் நடக்கிறது. நம் பக்கத்துக் கணக்கில் இன்னும் வராத விலை.

தீர்ப்பு இதுதான். சோதனைக் கருவியை வாங்காதீர்கள், மருத்துவர் மூலம் ஓர் இரவுக்கு எடுங்கள். வழக்கம்போல் தூங்கும் இரவில் கட்டுங்கள், கடலுக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவில் வேண்டாம். எடுக்கும் முன் செலவில்லாத கேள்விகள் இருக்கின்றன: பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதைப் பக்கத்தில் படுத்தவர் பார்த்தது, ரத்த அழுத்தம், 50 வயதைத் தாண்டியது, 40 செ.மீ.க்கு மேல் கழுத்து. பெண்கள் குறட்டையை வைத்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். அவர்களுக்குச் சோர்வும் தூக்கமின்மையுமே முன்னால் வருவது உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை தர வீட்டுக்கு வரும் ஊழியர்கள் கையில் ஒரு டேப்பும் இந்தக் கேள்விகளும் இருந்தால், எத்தனை மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களை அவர்களே பிரித்துவிடலாம். அரசு இதை யோசிக்கலாம். வண்டி ஓட்டுகிறவர் என்றால், ரிசல்ட் வந்து சிகிச்சை தொடங்கும்வரை இரவு ட்ரிப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.