மூலவரும் உற்சவரும்

பேஸ்புக் என்பதை யாரோ ஒரு புண்ணியவான் ‘முகநூல்’ என்று தமிழாக்கி வைத்தார். நூல் என்று பெயர் சூட்டிவிட்ட பிறகு அதற்கு மதிப்புரை எழுதும் உரிமை என்னைப் போன்றவர்களுக்கு வந்துவிடுகிறது. 2004-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் விடுதி ஒன்றில் பிறந்து, 2006-இல் பதின்மூன்று வயது நிரம்பிய யாரும் வரலாம் என்று கதவைத் திறந்த நூல் அது. இன்றைக்கு மயிலாப்பூர் மாட வீதியில் கீரை வாங்குகிற மாமியும், தியாகராய நகர் ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் பையனும், அடையாற்றில் காலை நடை போகும் பென்ஷன்காரரும் அதன் ஆசிரியர்கள். இத்தனை பேர் எழுதும் ஒரு நூலை முழுக்கப் படித்து மதிப்பிட எந்த விமர்சகனுக்கும் ஆயுசு போதாது. ஆகவே அதில் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு படத்தைப் போடப் போகும்போது, ‘இதை யார் பார்க்கலாம்?’ என்று ஒரு கேள்வி வருகிறதே, அந்த இடம். நம்மில் பலர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். நாவல்களில் முன்னுரையைத் தாண்டிப் பழகியவர்கள்தானே!

அத்தியாயம் சின்னது. கேள்வி ஒன்று, பதில்கள் ஐந்தாறு. எல்லோரும் பார்க்கலாம், நண்பர்கள் பார்க்கலாம், இன்னாரைத் தவிர மற்ற நண்பர்கள் பார்க்கலாம், குறிப்பிட்ட சிலர் மட்டும் பார்க்கலாம், கடைசியாக, நான் மட்டும். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்திருக்கிறது. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதப்பட்ட கதைகள் நம் பாஷையில் ஏராளம். இங்கே ஒரு யந்திரம், எழுத உட்காரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி அதைக் கேட்கிறது. கேட்பதோடு, பதில் சொல்லாதவருக்குத் தானே ஒரு பதிலை எழுதிக்கொண்டும் விடுகிறது. புதிதாகச் சேருகிறவர் எதையும் மாற்றாமல் விட்டால் அவருடைய முதல் பதிவு உலகம் முழுவதற்கும் போகும் என்றுதான் 2014 மே மாதம் வரையில் வைத்திருந்தார்கள். அதன் பிறகே, நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் சொல்வது நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

கேள்வி நன்றாக இருக்கிறது என்றேன். பதில்களின் பாஷைதான் எனக்குச் சம்மதம் இல்லை. முக்கியமாக ‘நண்பர்’ என்ற சொல்.

நம் பாஷையில் உறவுக்கும் பழக்கத்துக்கும் எத்தனை சொற்கள்! பெரியப்பா, அத்தை, ஓரகத்தி, சம்பந்தி, அடுத்த வீட்டுக்காரர், ஆபீஸ் மேனேஜர், பையனின் டியூஷன் வாத்தியார். ஒவ்வொருவரிடமும் நாம் பேசும் தோரணை வேறு, மறைக்கும் விஷயமும் வேறு. இவர்கள் எல்லோருமே முகநூலில் நண்பர்கள். சம்பந்தியை நண்பர் என்று சொல்லக்கூடியவர் மயிலாப்பூரில் இருந்தால் அவரைப் பார்த்து நமஸ்காரம் செய்ய நான் தயார். நாத்தனாரிடம் சொல்லாத ஒரு விஷயத்தைச் சிநேகிதியிடம் சொல்லுவதும், சிநேகிதியிடம் சொல்லாததை அம்மாவிடம் சொல்லுவதும்தான் ஒரு பெண்ணின் அந்தரங்கம். இவர்களையெல்லாம் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்த்தி வைத்துவிட்டு, ‘உன் அந்தரங்கத்துக்குப் பூட்டு கொடுத்திருக்கிறோம்’ என்றால் என்ன செய்வது? பதில்களுக்குள்ளே நிஜத்துக்கு மிகவும் பக்கத்தில் வருவது, ‘இன்னாரைத் தவிர’ என்பதுதான். ‘இது அவருக்குத் தெரிய வேண்டாம், உன்னோடு இருக்கட்டும்’ என்று நம் வீட்டுக் கூடங்களில் அன்றாடம் கேட்கிற குரல் அதில் இருக்கிறது. அதையும் உள்ளே போய்த் தேடித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட படத்தில் ஒருவர் பெயரைக் கோத்துவிட்டால், அவருடைய நண்பர்களுக்கும் அது போய்ச் சேரும்படிதான் வழக்கமாக அமைத்திருக்கிறார்கள். அதாவது என் வீட்டுக் கூடத்தில் பேசியது சம்பந்தியின் திண்ணைக்கும் கேட்கும்.

யாருக்கு எவ்வளவு காட்டுவது என்பது நமக்குப் புதிய வித்தை இல்லை. கபாலீசுவரர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவறையில் இருக்கிற மூலவரைப் படம் எடுக்க விடமாட்டார்கள். அவரைப் பார்க்க நாம் போக வேண்டும். வெளிச்சம்கூட விளக்கு வெளிச்சம்தான். உற்சவரோ பங்குனியில் தேரேறி நாலு மாட வீதியும் வருகிறார். அறுபத்துமூவர் அன்று நாயன்மார்களோடு வரும்போது கையில் போன் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அவரைப் படம் எடுக்கலாம்; யாரும் தடுப்பதில்லை. ஒரே தெய்வத்துக்கு எல்லோரும் பார்க்க ஓர் உருவம், உள்ளே வந்து நிற்பவர்களுக்கு ஓர் உருவம். நவராத்திரிக் கொலுவும் அப்படித்தான். ஒன்பது நாள் வீடு திறந்திருக்கிறது. ஆனால் குங்குமச் சிமிழோடு போய் அழைக்கப்பட்டவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாங்கட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைகளில் ஜாதியும் இருந்தது, பெண்ணை உள்ளேயே வைத்துப் பூட்டிய கொடுமையும் இருந்தது. அவற்றைப் புகழ நான் வரவில்லை. காட்டுவதிலும் மறைப்பதிலும் இத்தனை நுட்பம் பழகிய ஜனங்களுக்கு ‘நண்பர்’ என்ற ஒரே ஓர் அறை போதாது என்பதுதான் என் கட்சி.

இனி, படம். முகப்புப் படமாக எதைக் கொடுத்தாலும் ஒரு வட்டத்துக்குள் அடக்கித்தான் காட்டுகிறார்கள். கல்யாணப் படமென்றால் மாலையும் பாதிக் கணவனும் வெளியே போய்விடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் 2015 ஆகஸ்ட் வரையில் உலகத்தையே சதுரமாகக் கத்தரித்தது. ஆனால் நம் பெண்களில் பலர் அந்த வட்டத்துக்குள் வைப்பது தங்கள் முகத்தையே அல்ல. ஒரு ரோஜாப்பூ, மகாலட்சுமி, அக்கா குழந்தை. இது வெட்கத்தால் வந்ததல்ல. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் படித்து முடித்த ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் போட்டான் ஒருவன். போலீஸில் புகார் கொடுத்தும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை, உயிரை மாய்த்துக்கொண்டாள். மறுநாள் எத்தனை வீடுகளில், ‘படத்தை எடுத்துவிடு’ என்று மகளிடம் சொல்லியிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2017 ஜூனில் முகநூல் கம்பெனி இந்தியாவில் ஒரு காவலை அறிமுகம் செய்தது. அதைப் போட்டுக்கொண்டால் முகப்புப் படத்தைப் பிறர் இறக்கிக்கொள்ளவோ அனுப்பவோ முடியாது. படத்தைச் சுற்றி நீலக் கரையும் ஒரு கேடயமும் தெரியும். படத்தின் மேல் ஒரு சித்திர வேலைப்பாட்டைப் போர்த்தினால், பிறர் அதை நகல் எடுப்பது குறைந்தது நூற்றுக்கு 75 பங்கு குறைகிறது என்று தங்கள் சோதனையில் கண்டதாகவும் சொன்னார்கள். பந்தனி, காந்தா போன்ற நம் நாட்டுத் துணி வகைகளைப் பார்த்து வரைந்தவை அவை. 2020 மே மாதத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், பக்கம் முழுவதற்கும் ஒரு பூட்டு கொடுத்தார்கள்: அதைப் போட்டால் நண்பர் அல்லாதவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, பழைய பொதுப் பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரே அழுத்தில் சுருங்கிவிடும்.

நல்லதைப் பாராட்ட வேண்டியது விமர்சகனின் கடமை. இந்தப் பூட்டினால் நிம்மதியாகத் தூங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தன் முகத்தைக் காட்டுவதற்காக ஒரு பெண் தன் முகத்தின் மேலேயே துணியைப் போர்த்திக்கொள்கிறாள். திருடன் வருகிற வீட்டில் பூட்டு மாட்டுவதும் சாவியைத் தேடுவதும் அவள் வேலை. திருடனுக்கு ஒரு வேலையும் இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மந்தைவெளியில், ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண்ணின் சித்தப்பா உற்சாகமான மனுஷர். அன்று ராத்திரியே நாற்பது படங்களை, உலகமே பார்க்கலாம் என்று, தம் பக்கத்தில் போட்டுவிட்டார். நாலு மாதத்தில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. காரணம் நமக்கு வேண்டாம். நகைகள் திரும்பி வந்தன, தட்டுகள் திரும்பிப் போயின. படங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பெண் தன் பெயரை அவற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டாள்; முகத்தை அவிழ்க்க வழியில்லை. சித்தப்பாவிடம் போனாள்.

“சித்தப்பா, அந்தப் படத்தையெல்லாம் எடுத்துடுங்கோளேன்.”

“ஏம்மா? எத்தனை பேர் ஆசீர்வாதம் பண்ணியிருக்கா பாரு. அதிலே நீ எவ்வளவு லட்சணமா இருக்கே!”

அவர் கெட்டவர் அல்ல. அண்ணன் மகளிடம் உயிரையே வைத்திருப்பவர். அந்தப் படங்கள் தம்முடையவை என்று நினைத்தார், அவ்வளவுதான். முகநூலின் சட்டமும் அவர் பக்கம்தான். ‘யார் பார்க்கலாம்?’ என்ற கேள்வி படத்தைப் போடுகிறவரிடம் கேட்கப்படுகிறதே தவிர, படத்தில் இருப்பவரிடம் கேட்கப்படுவதில்லை. அத்தனை அறைகளுக்கும் சாவி அவர் கையில். அந்தப் பெண் தன் பக்கத்துக்கு எத்தனை பூட்டு போட்டாலும், அவள் முகம் சித்தப்பாவின் பக்கத்தில் தேரேறி வந்துகொண்டே இருக்கும். கடைசியில் அவளுடைய பாட்டி ஒரு வார்த்தை சொல்லித்தான் அவை இறங்கின.

இந்தச் சிக்கல் காமிராவோடு கூடப் பிறந்தது. 1888-இல் கோடக் பெட்டி காமிரா வந்தது. 1890-இல் பாஸ்டன் நகரத்து வக்கீல்கள் வாரனும் பிராண்டைஸும், கண நேரத்தில் எடுக்கும் படங்களையும் வம்புப் பத்திரிகைகளையும் கண்டு மனம் நொந்து, அந்தரங்க உரிமையைப் பற்றிய பிரசித்தமான கட்டுரையை எழுதினார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமலே மாவு விளம்பரத்தில் அச்சிட்டு 25,000 பிரதிகள் பரப்பினார்கள். 1902-இல் நீதிமன்றம் அவளுக்குப் பரிகாரம் இல்லை என்றது, ஜனங்கள் கொதித்தார்கள், 1903-இல் சட்டமே வந்தது. நம் ஊரிலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. திருவான்மியூர் ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில்தான், 1994-இல், தன்னைத் தனியே விடச் சொல்லும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தார்கள். ஆனால் 2023-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்காகவும் வீட்டுக் காரியத்துக்காகவும் செய்வதைத் தொடுவதில்லை. மாவு மில்லைக் கேட்கச் சட்டம் உண்டு. சித்தப்பாவைக் கேட்கப் பாட்டிதான் உண்டு.

யந்திரத்தைக் கொண்டே இதைச் சரிசெய்யவும் ஒரு முயற்சி நடந்தது. உங்கள் முகம் உள்ள படத்தை, நீங்கள் பார்க்கக்கூடிய வகையில் யாராவது போட்டால் உங்களுக்குச் சொல்கிறோம் என்று 2017 டிசம்பரில் முகநூல் ஓர் ஏற்பாடு செய்தது. சொல்வதற்கு முன் முகத்தை அடையாளம் காண வேண்டுமே; அதற்காகக் கோடிக்கணக்கான முகங்களின் அளவுகளைத் தன்னிடம் வைத்திருந்தது. 2021 நவம்பரில், நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் முக அளவுகளை அழித்துவிடுகிறோம் என்று அறிவித்து அந்த ஏற்பாட்டையே மூடிவிட்டார்கள். எல்லோருடைய அந்தரங்கத்தையும் காப்பாற்ற எல்லோருடைய முகத்தையும் ஒருவன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது விபரீதமான யோசனைதான்.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தர்மசங்கடம் நெடுநாள் பழக்கம். பக்கத்து வீட்டு வாழ்க்கையை எடுக்காமல் நாவல் எழுத முடியாது. அதை அப்படியே போடவும் கூடாது. அகப்பாடல்களில் காதலர்களை இன்னார் என்று பெயர் சொல்லிச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியர் விதி வகுத்தார். அவள் ‘தலைவி’தான், ஊரும் பேரும் கிடையாது. அதனால் கவிதைக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. பாடுகிறவனின் சௌகரியத்தைப் பார்த்து ஏற்பட்ட விதியல்ல அது. பாடப்படுகிறவளைப் பார்த்து ஏற்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நானும் ஒரு கதையில் ஒரு மாமியின் மூக்குத்தியையாவது மாற்றாமல் விடுவதில்லை. புகைப்படத்தில் மூக்குத்தியை மாற்ற முடியாது. ஆகவே படம் போடுகிறவருக்குக் கதை எழுதுகிறவனைவிட அதிகப் பொறுப்பு உண்டு.

என் மதிப்புரையின் முடிவு இது. ‘இதை யார் பார்க்கலாம்?’ என்ற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதல் கேள்வி, ‘இதில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களைக் கேட்டாயிற்றா?’ என்பது. அந்த ஒரு வரியைச் சேர்க்கும் வரையில் இந்த அத்தியாயம் பூர்த்தியாகிவிட்டதாக நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. அது வருகிறபோது வரட்டும். பக்கத்து அறையில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, “இதைப் போடட்டுமா அம்மா?” என்று கேட்பதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் நமக்கு வேண்டாம். அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் இருக்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.